கைதட்டல் கற்றாழைக்கு, வேலை வேறொருவருக்கு!

வாங்க வாங்க, உள்ளே வாங்க! செருப்பை வாசலிலேயே விட்டுவிடுங்கள். கையில் தீப்பெட்டி, ஊதுபத்தி, கொசுவத்தி ஏதாவது இருந்தால் அதையும் அங்கேயே வைத்துவிடுங்கள். இன்றைக்கு இந்த அடுக்களையில் சோறும் பொங்கவில்லை, குழம்பும் கொதிக்கவில்லை. அடுப்பையே அணைத்தாயிற்று, சிலிண்டர் வால்வும் மூடியாயிற்று. தயாராகப் போவது சானிடைசர். அதுவும் சும்மா சானிடைசர் இல்லை, 'இயற்கை' சானிடைசர்!

பச்சை நிறம், லேபிளில் ஒரு வேப்பிலை, கூடவே ஒரு கற்றாழை மடல்... கடைகளில் இந்த பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள். அது உள்ளுக்குள் எப்படி உருவாகிறது என்பதைத்தான் ஓரமாய் நின்று எட்டிப் பார்க்கப் போகிறோம். தயாரிப்பு, இயக்கம் இரண்டும் என் மதினி. தலையில் துண்டு, மூக்குக் கண்ணாடி, கையில் பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கும் அளவு மூடி. பார்வையில் அப்படி ஒரு மிடுக்கு!

"என்ன புள்ள, அடுக்களையில ஆஸ்பத்திரி வாசம் அடிக்குது?" கூடத்திலிருந்து அம்மாவின் குரல்.

"ஒண்ணுமில்ல அத்தை, நீங்க பேசாம சீரியலைப் பாருங்க!"

மேஜையில் யார் யார்?

நடுநாயகமாக ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில்: ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம். பக்கத்தில் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய கிளிசரினும் ஹைட்ரஜன் பெராக்சைடும். கொதிக்க வைத்து, மூடி, ஆறவிட்ட தண்ணீர் ஒரு சொம்பு. நீலகிரித் தைலம் ஒரு குப்பி. டீ ட்ரீ எண்ணெய் ஒரு சின்னக் குப்பி. அதன் விலையைக் கேட்காதீர்கள். அப்புறம், மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இப்போதுதான் அறுத்து வந்த சோற்றுக் கற்றாழை மடல் ஒன்று.

பச்சைப்பசேல் என்று படுத்திருக்கும் அந்த மடலைப் பார்த்தால் இன்றைக்கு எல்லாமே இதன் கையில்தான் இருக்கிறது என்று தோன்றும். பொறுங்கள், கதை இப்போதுதான் ஆரம்பம்.

மஞ்சள் பால் வடியட்டும்

அறுத்த மடலை மதினி உடனே சீவவில்லை. வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு தம்ளரில் சாய்த்து நிறுத்துகிறார். கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு பால் கசிந்து சொட்டுகிறது. விரலில் பட்டால் நாற்றமும் கசப்பும் லேசில் போகாது. இந்தப் பாலைக் காயவைத்தால் கிடைப்பதுதான் நாட்டு மருந்துக் கடையில் 'கரியபோளம்' என்று கேட்டு வாங்குகிற கறுப்புக் கட்டி. அது உள்ளே போனால் பேதியாகும், சிலருக்குத் தோலிலும் எரியும். வடியவிட்டு, தோல் சீவி, உள்ளே இருக்கும் சோற்றை நன்றாகக் கழுவி எடுத்தால் கண்ணாடியாய் மினுங்குகிறது. மிக்சியில் ஒரு சுற்று. நுரை அடங்கட்டும் என்று ஓரமாக வைத்தாயிற்று.

இப்போதுதான் முக்கியமான காட்சி. எல்லோரும் கிட்டே வாருங்கள்!

குவளையில் ஆல்கஹால். அதன் மேல் கற்றாழைச் சாறு மெல்ல மெல்ல இறங்குகிறது. 'கண்ணாடி மாதிரி ஜெல்' வரப்போகிறது என்று மூச்சைப் பிடித்து நின்றால்... ஐயோ! கண் இமைப்பதற்குள் எல்லாம் கலங்கிவிட்டது. வெள்ளை வெள்ளையாய் நூல் திரள்கிறது, சுருள்கிறது, கட்டி கட்டியாய் மிதக்கிறது. கரண்டியால் தூக்கினால் வால் பிடித்துத் தொங்குகிறது.

"ஏன் மதினி, பால் திரிஞ்ச மாதிரி ஆயிடுச்சே?"

"திரியத்தான் செய்யும். அதைக் காட்டத்தானே உன்னை இங்க நிக்க வச்சேன்!"

கற்றாழைச் சோறு வழவழவென்று இருப்பதற்குக் காரணம், அதற்குள் இருக்கும் நீளமான சர்க்கரைச் சங்கிலிகள். தண்ணீரில் அவை சுகமாகக் கரைந்து கிடக்கும்; ஆல்கஹால் அதிகமானால் கரைந்திருக்க முடியாமல் வெளியே வந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் கற்றாழையிலிருந்து இந்தச் சர்க்கரையைப் பிரித்தெடுக்க வேண்டுமென்றே ஆல்கஹால் ஊற்றுவார்கள். அப்படியானால் கடை ஜெல் மட்டும் எப்படிக் கட்டியே இல்லாமல் நிற்கிறது? பல ஜெல்களில் அந்த வேலையைச் செய்வது கார்போமர் என்கிற செயற்கைப் பொருள்! லேபிளில் படம் கற்றாழைக்கு, ஜெல்லைத் தாங்கி நிற்பது கார்போமர்.

கணக்கில் கோட்டை விடும் இடம்

2020 மார்ச்சில் கடைகளில் சானிடைசர் காணாமல் போனது நினைவிருக்கிறதா? மத்திய அரசு அதை அத்தியாவசியப் பொருள் பட்டியலில் சேர்த்து, 200 மில்லி பாட்டில் 100 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று உச்சவரம்பு போட்டது. வீதிகளில் மஞ்சள் கரைத்த தண்ணீரும் வேப்பிலையும் தெளித்த நாட்கள் அவை. அப்போது கைபேசிக்குக் கைபேசி பறந்த ஒரு செய்முறை: இரண்டு பங்கு ஆல்கஹால், ஒரு பங்கு கற்றாழை ஜெல், கலக்கு, தீர்ந்தது வேலை!

தீர்ந்ததா? மதினி பேனாவை எடுக்கிறார். பாட்டிலில் இருப்பது 99 சதவீத ஆல்கஹால் என்றால், மூன்றில் இரண்டு பங்கு 66 சதவீதம். பிழைத்தது. ஆனால் கடையில் எளிதாகக் கிடைக்கும் 70 சதவீத பாட்டிலை வாங்கி இதே அளவில் கலந்தால்? 47 சதவீதத்தைக்கூடத் தொடாது! அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லும் கீழ்வரம்பு 60 சதவீதம். கையில் குளுகுளு என்று இருக்கும், மணக்கும், காயும். கிருமி பாட்டுக்குக் கிருமி இருக்கும். அந்த 70 சதவீத பாட்டிலை ஒன்றும் சேர்க்காமல் அப்படியே கையில் தேய்த்திருந்தால் பலன் கிடைத்திருக்கும். கற்றாழையைச் சேர்த்து அதைக் கெடுத்ததுதான் மிச்சம்.

அப்படியானால் 99 சதவீதத்தையே நேராகத் தேய்த்துவிடலாமே? அங்கேயும் ஒரு வேடிக்கை. கிருமியின் புரதத்தைச் சிதைக்க ஆல்கஹாலுக்குத் தண்ணீர் துணை வேண்டும். தனி ஆல்கஹால் வேலை முடிவதற்குள் ஆவியாகிப் பறந்தும் விடும். அதனால்தான் சொம்புத் தண்ணீருக்கு மேஜையில் ஓர் இடம்.

ஜெனீவாவிலிருந்து வந்த செய்முறை

மதினி பின்பற்றும் அளவு உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதற்குப் பின்னால் ஒரு ஆஸ்பத்திரிக் கதை இருக்கிறது. 1990களின் நடுவில் ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் டிடியே பிட்டே என்ற மருத்துவர், செவிலியர்களுக்குக் கை கழுவ நேரமே இல்லை என்பதைக் கவனித்தார். ஒவ்வொரு நோயாளியைத் தொட்ட பின்னும் குழாயடிக்கு ஓடினால் மற்ற வேலை எப்போது நடக்கும்? வில்லியம் கிரிஃபித்ஸ் என்ற மருந்தாளுநர் உருவாக்கியிருந்த ஆல்கஹால் கரைசலைக் கட்டிலுக்குக் கட்டில் கொண்டுவந்து வைத்தார். 1994இல் 16.9 சதவீதமாக இருந்த மருத்துவமனைத் தொற்று, 1998இல் 9.9 சதவீதமாக இறங்கியது. பின்னர் அந்தச் செய்முறையைக் காப்புரிமை இல்லாமல் உலக சுகாதார நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஐசோபுரொப்பைல் வைத்துச் செய்தால் ஒரு லிட்டருக்கு இவ்வளவுதான்: 99.8 சதவீத ஆல்கஹால் 751.5 மில்லி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 41.7 மில்லி, கிளிசரின் 14.5 மில்லி, மீதிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீரோ கொதித்து ஆறிய தண்ணீரோ. கற்றாழை? இல்லை. வேப்பிலை? இல்லை. வாசனை? அதுவும் இல்லை!

கிளிசரின் எவ்வளவு கொஞ்சம் பார்த்தீர்களா? கை வறண்டு வெடிக்காமல் இருக்க அதுவே போதும், கூடினால் பிசுபிசுக்கும். பெராக்சைடு கைக்கே இல்லை. ஆல்கஹாலுக்கு அசராத பாக்டீரிய வித்துகள் பாட்டிலுக்குள் ஒளிந்திருந்தால் அவற்றை முடிப்பதற்கு. அதற்காகவே நிரப்பிய பாட்டிலை 72 மணி நேரம் தொடாமல் வைக்கச் சொல்கிறார்கள்.

ஊற்றும்போது இன்னொரு விளையாட்டும் நடக்கிறது. ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்ததும் மொத்த அளவு குறைகிறது! 50 மில்லி எத்தனாலும் 50 மில்லி தண்ணீரும் சேர்த்தால் 100 வராது. ஏறத்தாழ 96, 97தான் வரும். இரண்டின் மூலக்கூறுகளும் நெருக்கியடித்து உட்கார்ந்துகொள்வதால் வரும் குறைவு இது. அதனால் தண்ணீரைத் தனியாக அளக்காமல், கடைசியில் கோடு தொடும் வரை ஊற்ற வேண்டும்.

நாட்டு பாட்டிலில் ரெண்டு வெளிநாட்டுக்காரர்கள்

இப்போது வாசனைக் கோஷ்டி உள்ளே வருகிறது. நீலகிரித் தைலம் இரண்டு சொட்டு, டீ ட்ரீ ஒரு சொட்டு. ஆகா, அடுக்களையே ஊட்டி! ஆனால் நீலகிரி மரம் 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து நம் மலைக்கு வந்தது. டீ ட்ரீயின் சொந்த ஊரும் ஆஸ்திரேலியாதான். நாம் குடிக்கிற டீக்கும் அதற்கும் உறவே கிடையாது. கிருமியோடு மல்லுக்கட்டும் குணம் இரண்டு எண்ணெய்க்கும் உண்டு. ஆனால் பாட்டிலுக்கு இரண்டு சொட்டு போட்டுவிட்டு, 20, 30 விநாடியில் காய்ந்துவிடும் கரைசலில் அவற்றிடம் வேலை எதிர்பார்ப்பது ஆகாத காரியம். மணத்துக்கு வந்தவை, மணந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொரு ரகசியத்தையும் காதில் போடுகிறேன். பாட்டிலில் முக்கால் பங்காக இருக்கிற ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. 'இயற்கை'யைத் தேடி வந்தவர்கள் கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளுங்கள்! அதன் சகோதரனான எத்தனாலோ அசல் விளைச்சல். கரும்பாலையில் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் மொலாசஸை ஈஸ்ட் விட்டுப் புளிக்கவைத்து வடிக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் செய்முறையை உள்ளூர்க் கரும்பு ஆல்கஹாலில் செய்து மருத்துவமனையில் பயன்படுத்தினார்கள். நம்மூரிலும் 2020இல் கரும்பாலைகளின் வடிப்பாலைகள் சானிடைசர் பக்கம் திரும்பின. ஆனால் அந்த அசல் 'இயற்கை' ஆல்கஹால் ஆயத்தீர்வைத் துறையின் பூட்டுக்குள் இருக்கிறது. நீங்களும் நானும் கடையில் கேட்டு வாங்க முடியாது. கிளிசரினும் தாவரத்துக் குழந்தைதான். பெரும்பாலும் தேங்காயெண்ணெய், பாமாயில் போன்ற எண்ணெய்களிலிருந்து சோப்பு காய்ச்சும்போதும் அதுபோன்ற வேலைகளிலும் பிரிந்து வருவது. இலைப் படம் போட வேண்டிய இடம் எது என்று இப்போது சொல்லுங்கள்!

கொசுவத்திக்குத் தடை ஏன்?

வாசலில் தீப்பெட்டியைப் பிடுங்கியது விளையாட்டுக்கு இல்லை. 75 சதவீத ஐசோபுரொப்பைல் கரைசலின் ஆவி தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலை வெறும் 19 டிகிரி செல்சியஸ். 80 சதவீத எத்தனாலுக்கு 17.5 டிகிரி. நம் சமவெளி ஊர்களில் மார்கழிப் பகலிலும் அதைவிடச் சூடுதான். எத்தனாலின் சுவாலை வெளிர்நீலம் என்பதால் வெளிச்சத்தில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. விளக்கு, அடுப்பு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் கூடாது. தேய்த்த கை நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று மெத்தனால் பக்கம் போகவே கூடாது; அது தோல் வழியாகவும் உடம்பில் இறங்கும் விஷம், கண்பார்வையைப் பறிக்கும், உயிரையும் எடுக்கும். பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பதும் ஆகாது. பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிட்டால் என்ன செய்வது?

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வீட்டில் சானிடைசர் செய்வதைப் பரிந்துரைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் இந்தச் செய்முறையை எழுதியதும் மருந்தகங்களுக்காகத்தான். விற்பதற்குச் செய்ய வேண்டுமானால் இங்கே அரசு உரிமம் வேண்டும். மதினிக்கு இதெல்லாம் தெரியும். கலந்ததைக் குட்டி பாட்டிலில் ஊற்றி, சதவீதமும் தேதியும் எழுதி ஒட்டி, மேல் அலமாரியில் பூட்டிவிட்டார். பிறகு நேராகக் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினார்!

சரிதானே? சானிடைசர் அழுக்குக் கையில் திணறும். வாந்தி, பேதியைக் கிளப்பும் நோரோவைரஸிடமும் அதன் பருப்பு சரியாக வேகாது. சோப்பும் தண்ணீரும் அழுக்கு, எண்ணெய், கிருமி எல்லாவற்றையும் சேர்த்துக் கழுவி விட்டுவிடும். எந்தக் கணக்கும் வேண்டாம், 20 விநாடி போதும்.

ஆகவே வாசகர்களே, குழாய் இருக்கும் இடத்தில் சோப்பையே எடுங்கள். பஸ்ஸிலும் ரயிலிலும் சானிடைசர் வேண்டும் என்றால் கடையில் வாங்குங்கள். வாங்கும்போது லேபிளில் இருக்கும் இலையைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறைவு என்றால், எவ்வளவு மணத்தாலும் அந்த பாட்டிலை அலமாரியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.