பின்கதவைத் திறந்தால் பெட்ரோல் மிச்சமாகுமா?

எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்திருக்கிறீர்களா? அப்படியானால் இக்கட்டுரையின் பாதி உங்களுக்கு முன்பே தெரியும்.

அமெரிக்காவில் பிக்கப் என்றொரு வண்டி மிகப் பிரபலம். முன்னால் ஓட்டுநர் அறை. பின்னால் சரக்கேற்ற மேல்மூடி இல்லாத தொட்டி. தொட்டியின் கடைசியில் கீழ்நோக்கித் திறக்கும் பின்கதவு. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து, அங்கே பெட்ரோல் கிடைப்பதே அரிதாயிற்று. மறு ஆண்டு, நெடுஞ்சாலை வேகம் மணிக்கு 55 மைலுக்கு, அதாவது சுமார் 88 கி.மீ.க்கு, மேல் போகக்கூடாது என்று சட்டமே போட்டார்கள். (1995-இல்தான் அது நீங்கியது.) வேகத்திற்கும் எண்ணெய்க்கும் என்ன தொடர்பு? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1,800 கிலோ எடையுள்ள பழைய பிக்கப் ஒன்று மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. டயர்கள் உருள்வதால் ஏற்படும் தடை ஏறக்குறைய 210 நியூட்டன். காற்றுத் தடை 120 நியூட்டன்தான். வேகத்தை இரட்டிப்பாக்குங்கள். டயர்த் தடை அதிகம் மாறாது. காற்றுத் தடையோ வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்ந்து, நான்கு மடங்காகி, 480 நியூட்டனைத் தொடுகிறது! ஊருக்குள் டயரோடு போராடிய எஞ்சின் நெடுஞ்சாலையில் காற்றோடு போராடுகிறது.

அதனால்தான் பல ஓட்டுநர்கள் பின்கதவைத் தாழ்த்திவிட்டு ஓட்டுகிறார்கள். காற்று கதவில் மோதாமல் வெளியேறிவிடும் என்பது அவர்கள் எண்ணம். என் வகுப்பில் கேட்டபோது ஏறக்குறைய எல்லோரும் இதையே சொன்னார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆனால் காற்றுச் சுரங்கச் சோதனைகள் வேறு விதமாகச் சொல்கின்றன. கதவு மூடியிருக்கும்போது தொட்டிக்குள் ஒரு பெரிய காற்றுச் சுழல் உருவாகி, அங்கேயே தங்கிவிடுகிறது. கூரையைத் தாண்டி வரும் காற்று கதவில் நேராக மோதுவதில்லை; அச்சுழலின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. கதவைத் திறந்தால் சுழல் கலைகிறது. பலன் கிடைப்பதில்லை, பல வண்டிகளில் தடை சற்றுக் கூடவும் செய்கிறது.

சுரங்கம் இல்லாமலும் இதை அளக்கலாம். கலிபோர்னியாவில் நாசாவின் டிரைடன் ஆய்வு மையத்தில் எட்வின் சால்ட்ஸ்மேன் என்ற பொறியாளர் இருந்தார். சைக்கிளில் போகும்போது, தம்மைக் கடந்து செல்லும் லாரிகளின் காற்று முதலில் தள்ளுவதையும் பிறகு இழுப்பதையும் கவனித்தார். 1970-களில் அவர் குழுவினர் ஒரு பழைய வேனின் மேல் அலுமினியத் தகடு அடித்து, செருப்புப் பெட்டி போலக் கூர் விளிம்புகளோடு மாற்றினார்கள். சமதளத்தில் வேகமாக ஓட்டி, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, வேகம் எப்படிக் குறைகிறது என்று அளந்தார்கள். நிறையை முடுக்கத்தால் பெருக்கினால் விசை. நியூட்டனின் இரண்டாம் விதியேதான்! நம் பிக்கப் 90 கி.மீ. வேகத்திலிருந்து இப்படி விடப்பட்டால், முதலில் வினாடிக்குச் சுமார் 1.4 கி.மீ. வீதம் வேகம் குறையும். பிறகு வேனின் விளிம்புகளை வளைத்தார்கள். காற்றுத் தடை பாதிக்கும் மேல் குறைந்தது. உள்ளே இழந்த இடமோ மிகச் சிறிது.

பழைய பிக்கப்பின் விளிம்பை அப்படி வளைக்க முடியாது. செய்யக்கூடியவை வேறு. ஓட்டுநர் அறைக் கூரையிலிருந்து பின்கதவு வரை சரிவாக ஒரு மூடி அமைக்கலாம். முன் பம்பரின் கீழே ஒரு தடுப்புப் பட்டை வைத்தால், கரடுமுரடான அடிப்பாகத்தில் காற்று புகுவது குறையும். தார்ப்பாய் கட்டுவதானால் படபடக்காமல் இறுக்கிக் கட்டவேண்டும். டயரில் நிறுவனம் குறித்த அளவு காற்று இருக்கட்டும். சிலர் ரேடியேட்டரின் முன்னால் அட்டையை அடைத்துவிடுகிறார்கள். அதிலும் தடை குறையும். ஆனால் வெயிலில் மேடு ஏறும்போது எஞ்சின் கொதித்துவிட்டால், மிச்சம் பிடித்த பெட்ரோலைவிடப் பழுதுச் செலவு பல மடங்காகும்.

சுழலைக் காண ஆசையா? தாம்பாளத்தில் சிறிது தண்ணீர் ஊற்றி, முகப்பவுடரை லேசாகத் தூவுங்கள். தீப்பெட்டியின் உள்தட்டை, திறந்த பக்கம் பக்கவாட்டில் இருக்குமாறு தண்ணீரில் நிறுத்தி, நீளவாக்கில் மெதுவாக நகர்த்துங்கள். குழிவுக்குள் பவுடர் சுற்றுவது தெரியும். பிறகு பின்பக்கச் சிறு சுவரை வெட்டி எடுத்துவிட்டு மீண்டும் நகர்த்துங்கள்.