இங்கிலாந்து கிராமத்துல வீடு வாங்கப் போறீங்களா? முதல்ல சென்னை ஃபிளாட்டைக் கணக்குல எடுங்க!



போன வருஷம் ரிட்டர்ன் ஃபைலிங் சீசன்ல ஒரு க்ளையன்ட் தம்பதி வீடியோ கால்ல வந்தாங்க. கணவருக்கு பர்மிங்காம்ல சாஃப்ட்வேர் வேலை, வாரத்துல ரெண்டு நாள்தான் ஆஃபீஸ். மனைவி பேர்ல மேடவாக்கத்துல ஒரு ஃபிளாட் இருக்கு, வாடகைக்கு விட்டிருக்காங்க. அந்த வாடகை வருமானத்தைப் பத்திப் பேசும்போது அவர் ஒரு ஃபோட்டோ அனுப்பினார். ஷ்ராப்ஷயர்ல ஒரு சின்ன கிராமம், கல் சுவர் வச்ச பழைய காட்டேஜ், பின்னாடி தோட்டம், அதுக்கு அந்தப் பக்கம் செம்மறி ஆடு மேயற புல்வெளி. விலை 3.5 லட்சம் பவுண்டு.

"ஸ்டாம்ப் டூட்டிக்கு எவ்வளவு எடுத்து வச்சிருக்கீங்க?"னு கேட்டேன்.

"2,500 பவுண்டு சார். எங்களுக்கு இதானே முதல் வீடு!"

உண்மையில் அவர் கட்ட வேண்டியது 25,000 பவுண்டு.

2,500 எப்படி 25,000 ஆச்சு?

இங்கிலாந்தில் முதல் வீடு வாங்குபவருக்குச் சலுகை உண்டு. 2025 ஏப்ரல் முதல் உள்ள விதிப்படி, வீட்டு விலை 5 லட்சம் பவுண்டுக்குள் இருந்தால், முதல் 3 லட்சத்துக்கு வரி இல்லை, மீதிக்கு 5%. அப்படிப் பார்த்தா 2,500 சரிதான். ஆனா 'முதல் வீடு'ன்னா இங்கிலாந்துல முதல் வீடு இல்லைங்க. உலகத்துல எங்கேயுமே இதுக்கு முன்னாடி உங்க பேர்ல வீடு இருந்திருக்கக் கூடாது. பரம்பரையா வந்த வீடும் இதுல சேரும். ரெண்டு பேர் சேர்ந்து வாங்கினா, ரெண்டு பேருக்குமே இது முதல் வீடா இருக்கணும்.

சலுகை போனா சாதாரண ரேட்: முதல் 1.25 லட்சத்துக்குப் பூஜ்யம், அடுத்த 1.25 லட்சத்துக்கு 2%, அதற்கு மேல் 9.25 லட்சம் வரை 5%. மொத்தம் 7,500.

இதோட முடியலை. வாங்கற நாள்ல உலகத்துல வேற எங்கேயாவது 40,000 பவுண்டோ அதுக்கு மேலயோ மதிப்புள்ள வீடு உங்ககிட்ட இருந்தா, முழு விலைக்கும் கூடுதலா 5%. 40,000 பவுண்டுன்னா சுமார் அரைக் கோடி ரூபாய். சேர்ந்து வாழும் கணவன் மனைவியை இந்த விஷயத்தில் ஒன்றாகத்தான் பார்ப்பார்கள். அதனால 'என் பேர்ல மட்டும் வாங்கறேன்'னு சொல்லித் தப்பிக்க முடியாது. 17,500 + 7,500 = 25,000.

விற்பனை முடிஞ்சு வீடு கைக்கு வந்த 14 நாளுக்குள்ள இதைக் கட்டணும். டெபாசிட் போக, இதுவும் கைக்காசாத்தான் இருக்கணும். வாங்குவதற்கு முந்தைய 12 மாதத்தில் 183 நாள் அந்த நாட்டில் இல்லாதவர்களுக்கு மேலும் 2% உண்டு.

"வாங்கிட்டு, அப்புறம் ஃபிளாட்டை வித்தா ரீஃபண்ட் வருமாமே சார்?"னு மனைவி கேட்டாங்க. அது நீங்க குடியிருந்த வீட்டை மூணு வருஷத்துக்குள்ள வித்தாத்தான். ஒருநாள்கூட குடியிருக்காம வாடகைக்கே விட்ட ஃபிளாட்டுக்குக் கிடையாது. அதை முதல்ல வித்துட்டு அப்புறம் வாங்கினா அந்த 5% வராது. என்.ஆர்.ஐ. விற்கும்போது வாங்குபவர் டி.டி.எஸ். பிடிக்கணும், குறைந்த டி.டி.எஸ். சான்றிதழுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கணும். விற்ற லாபத்துக்கு ரெண்டு நாட்டு வரிக் கணக்கையும் பார்க்கணும். அதனால இதுக்குச் சில மாசமாவது ஒதுக்குங்க.

விளம்பரத்துல வராத செலவுகள்

வரி மட்டும் இல்லை, கிராமத்து வீட்டுக்குன்னே சில செலவுகள் இருக்கு.

ஹீட்டிங்: நிறைய கிராமங்களுக்கு கேஸ் பைப்லைன் கிடையாது. தோட்டத்துல ஒரு டேங்க் வச்சு, லாரியில் ஆயில் வாங்கி நிரப்பணும். மாசத் தவணை மாதிரி இல்லாம, ஒரே தடவையில் நூற்றுக்கணக்கான லிட்டர். கேஸ், கரன்ட் விலைக்கு இருக்கும் அரசு உச்சவரம்பு இந்த ஆயிலுக்கு இல்லை. 2022ல் உக்ரைன் போர் ஆரம்பிச்சப்போ விலை தாறுமாறா ஏறிச்சு.

செப்டிக் டேங்க்: பாதாள சாக்கடை இல்லாத வீடுகள் நிறைய. 2020 ஜனவரிக்குப் பிறகு, செப்டிக் டேங்க் தண்ணீரை நேரடியாக ஓடையிலோ வாய்க்காலிலோ விடக் கூடாது. பழைய டேங்க்கை மாத்தணும்னா பல ஆயிரம் பவுண்டு. யார் செலவுல மாத்துறதுன்னு வாங்கறதுக்கு முன்னாடியே பேசி முடிங்க.

பாதுகாக்கப்பட்ட கட்டடம்: அழகான பழைய காட்டேஜ் அரசுப் பட்டியலில் இருக்கலாம். அப்படின்னா ஜன்னலை மாத்தக்கூட அனுமதி தேவைப்படலாம். அனுமதி இல்லாமல் மாத்துறது கிரிமினல் குற்றம். முந்தைய ஓனர் அப்படிச் செஞ்சிருந்தாலும், அதைச் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் உங்களுக்கு வரலாம்.

கார்: பஸ் ரொம்பக் குறைவு, சில ஊர்ல ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸே இல்லை. கணவன் மனைவி ரெண்டு பேரும் வேலைக்குப் போனா ரெண்டு கார், ரெண்டு இன்ஷூரன்ஸ்.

சந்தேகப்படும்படி விலை குறைவா? அது முன்னாள் கவுன்சில் வீடாக இருக்கலாம். சில கிராமப் பகுதிகளில், அந்த வட்டாரத்தில் மூணு வருஷம் வசித்தவரோ வேலை செய்தவரோதான் அதை வாங்க முடியும். நாளைக்கு நீங்க விற்கும்போதும் அதே கட்டுப்பாடுதான்.

அப்போ வாங்கவே கூடாதா?

அப்படிச் சொல்லலை. அமைதி, இடம், தோட்டம், பேர் சொல்லிக் கூப்பிடற அக்கம்பக்கம், இதுக்கெல்லாம் மதிப்பு இருக்கு. ஆனா நீங்க கம்பெனி ஸ்பான்சர் பண்ற விசாவுல இருக்கீங்கன்னா, வேலை போனா புது ஸ்பான்சர் தேட பொதுவா 60 நாள்தான். கிராமத்து வீடு 60 நாள்ல விக்காது. அதனால குறைஞ்சது ஆறு மாச ஈ.எம்.ஐ. தனியா இருக்கணும். முதல்ல அதே கிராமத்துல வாடகைக்கு ஒரு குளிர்காலம் இருந்து பாருங்க. பழைய வீடுன்னா லெவல் 3 சர்வே எடுங்க.

ஒரு நல்ல விஷயம்: அங்கே ஒப்பந்தம் கைமாறும் வரை ஆஃபர் யாரையும் கட்டுப்படுத்தாது. என் க்ளையன்ட் அந்தக் கட்டத்துக்கு முன்னாடியே விலகிட்டார். சர்வேக்கும் சொலிசிட்டருக்கும் கொடுத்தது போச்சு. காட்டேஜ் வேற யாருக்கோ போயிடுச்சு, மனைவிக்கு இன்னும் அந்த வருத்தம் இருக்கு. இப்போ மேடவாக்கம் ஃபிளாட்டை வித்து முடிச்சுட்டு, பக்கத்து கிராமத்துல தேடிட்டிருக்காங்க. எக்ஸெல் ஷீட்ல ஸ்டாம்ப் டூட்டி வரிசையில இந்தத் தடவை 7,500னு இருக்கு.

நீங்களும் ஆஃபர் கொடுக்கறதுக்கு முன்னாடி சொலிசிட்டர்கிட்ட இந்த ஒரு வரியைச் சொல்லிடுங்க: "ஊர்ல எங்க பேர்ல ஒரு வீடு இருக்கு."

கணக்கை ஸ்டெப் பை ஸ்டெப்பா நம்ம சேனல் வீடியோவுல போட்டுக் காட்டியிருக்கேன். யூ.கே.ல இருக்கற உங்க ஃபிரெண்டுக்கு அனுப்பி விடுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!