அஞ்சு படம், ஒரே கூடை: சினிமாவுல பணம் போடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



போன மாசம் சொந்த ஊருக்கு, அதாங்க சேத்தியாத்தோப்புக்கு, போயிருந்தேன். குறுக்கு ரோட்டுல பஸ்ஸை விட்டு இறங்கினா சித்தப்பா வண்டியோட நிக்கிறார். வீட்டுக்குப் போற வழியிலேயே கேட்டார்: "ஏம்ப்பா ஆடிட்டரு, சினிமாவுல பணம் போடலாமா?"

சித்தப்பாவுக்கு அறுபத்தஞ்சு வயசு. சுரங்கத்துக்காக எடுத்த நிலத்துக்கு வந்த பணம் பேங்க்ல எஃப்.டி.யா இருக்கு. இனி அவருக்குக் கரும்பும் கிடையாது, நெல்லும் கிடையாது, அந்த எஃப்.டி. வட்டிதான் விளைச்சல். அதுல 5 லட்சத்தை எடுத்து, நம்ம பக்கத்துப் பசங்க ஆரம்பிச்சிருக்கிற ஒரு படக்குழுவுக்குக் கொடுக்கலாமான்னு யோசிக்கிறார்.

பசங்க அனுப்பின பி.டி.எஃப்.பைப் பார்த்தேன். மொத்தம் அஞ்சு படம். ரெண்டு ஆவணப்படம்: 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்ட, பயிர் நின்ற வயல்ல மண்வாரி இறங்கினதைப் பற்றி ஒண்ணு, வீராணம் தண்ணி சென்னைக்குப் போற கதை ஒண்ணு. மீதி மூணும் கதைப் படங்கள். எல்லாத்துக்கும் எதிரே ஒரே வார்த்தை: "டெவலப்மென்ட்டில்". கடைசிப் பக்கத்துல, "ஒரு படம் ஓடினாலே போட்டது மொத்தமும் திரும்பிடும்".

பசங்க நல்லவங்க, எண்ணமும் நல்ல எண்ணம். அதனாலதான் கணக்கை இன்னும் கவனமா பார்க்கணும்.

'டெவலப்மென்ட்' என்றால் என்ன?

கேமரா இன்னும் ஆன் ஆகலைன்னு அர்த்தம். கதை எழுதுறது, ஊர் ஊராப் போய் தகவல் சேகரிக்கிறது, கதை உரிமை வாங்குறது, பட்ஜெட் போடுறது, பணம் போடறவங்களைத் தேடுறது, இதெல்லாம் இந்தக் கட்டத்துல நடக்கும். கோவாவுல என்.எஃப்.டி.சி. 2007-லிருந்து நடத்துற ஃபிலிம் பஜாருக்குப் படக்குழுக்கள் ஸ்கிரிப்டோட போறதும் இந்தக் கட்டத்துலதான்.

இங்க செலவாகிற பணம்தான் இருக்கிறதுலேயே ரிஸ்க் அதிகமான பணம். படம் எடுக்கப்படாமலே போகலாம். அப்போ உங்க கையில மிஞ்சுறது ஒரு ஸ்கிரிப்ட் ஃபைல் மட்டும்தான்.

"அஞ்சு படம் இருக்கே, ரிஸ்க் பிரியுமே"ன்னு கேட்பீங்க. மியூச்சுவல் ஃபண்டுல ஐம்பது கம்பெனி இருந்தா ஐம்பது முதலாளி, ஐம்பது தொழில். இங்க அஞ்சு படத்துக்கும் அதே குழு, அதே பேங்க் அக்கவுண்ட், அதே ஆரம்பக் கட்டம். அதை விட முக்கியம்: ஒரு படம் லாபம் பார்த்தாலும், மத்த நாலுக்கும் ஆன செலவைக் கழிச்சிட்டுத்தான் பங்குன்னு ஒப்பந்தத்துல இருந்தா, ஓடின படமும் உங்களுக்கு ஓடாத படம்தான்.

ஜெயிச்ச கதைகளைச் சரியா படிப்போம்

ஊர்ப் பணத்துல படம் எடுக்கிறது புதுசு இல்லை. 1976-ல் ஷியாம் பெனகல் எடுத்த 'மந்தன்' படத்துக்கு குஜராத் பால் கூட்டுறவு விவசாயிகள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தாங்க. மொத்தம் 10 லட்சம். புதுப்பிக்கப்பட்ட அந்தப் படம் 2024-ல் கான் விழாவிலும் திரையிடப்பட்டது. இதுல கவனிக்க வேண்டியது அந்த 2 ரூபாயை. படம் தோத்திருந்தா எந்த விவசாயி வீட்டுலயும் அடுப்பு அணைஞ்சிருக்காது.

தமிழ்ல 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாம், கேரளாவுல ஒடேசா கூட்டமைப்போட சேர்ந்து மக்கள்கிட்ட நிதி திரட்டி 1986-ல் 'அம்ம அறியான்' எடுத்தார். கொடுத்த யாரும் வட்டி எதிர்பார்க்கலை.

பவன் குமாரின் கன்னடப் படம் 'லூசியா' (2013) நூற்றுக்கும் மேற்பட்டவங்க இணையம் வழியா கொடுத்த சுமார் 50 லட்சத்துல உருவானது. பிறகு தமிழ்ல 'எனக்குள் ஒருவன்' என்று ரீமேக் ஆச்சு. அப்போ நாம கேட்க வேண்டிய கேள்வி: ரீமேக் உரிமைப் பணத்துல எனக்குப் பங்கு உண்டா? ஒப்பந்தத்துல எழுதலைன்னா இல்லை.

அடுத்து, நேரம். பி.எஸ்.வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021 பிப்ரவரியில் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்குச்சு. ஓ.டி.டி.யில் வந்தது 2023 அக்டோபர்ல. செழியனின் 'டு லெட்' 2018-ல் தேசிய விருது அறிவிக்கப்பட்டு, 2019 பிப்ரவரியில்தான் தியேட்டருக்கு வந்தது. ரெண்டும் அருமையான படங்கள். ஆனா விருது வேற, வரவு வேற. 5 லட்சம் 7 சதவீத எஃப்.டி.யில் அஞ்சு வருஷம் கிடந்தா சுமார் 7 லட்சம் ஆகும். படம் உங்களுக்கு 7 லட்சம் திருப்பித் தந்தாதான் எஃப்.டி.க்குச் சமம்.

விற்றும் நஷ்டம் வருவது எப்படி?

ஒரு உதாரணக் கணக்கு. படத்தின் செலவு 60 லட்சம்: உங்களை மாதிரி முதலீட்டாளர்கள் 35 லட்சம், கடன் 25 லட்சம். படம் 80 லட்சத்துக்கு வித்துடுச்சு. சந்தோஷம்.

- விற்றுக் கொடுத்தவருக்கு 15 சதவீதம், 12 லட்சம்: மீதி 68
- விளம்பரச் செலவு 10 லட்சம்: மீதி 58
- கடன், வட்டியோடு 30 லட்சம்: மீதி 28

35 லட்சம் போட்டவங்களுக்கு 28 லட்சம். உங்க 5 லட்சம் 4 லட்சமா வருது. செலவை விட 20 லட்சம் அதிகமா வித்த படத்துல உங்களுக்கு ஒரு லட்சம் நஷ்டம்! அதனால "எத்தனை சதவீதம் பங்கு"ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி, "வரிசையில நான் எத்தனாவது ஆள்"னு கேளுங்க.

உங்க பணத்துக்குப் பேர் வைங்க

சினிமாவுக்குப் போற பணம் இந்த நாலுல ஒண்ணாத்தான் இருக்க முடியும்.

1. பங்கு. பிரைவேட் லிமிடெட் கம்பெனி தனிப்பட்ட முறையில் பங்கு விற்கலாம். ஒரு நிதியாண்டுல 200 பேருக்கு மேல் அழைக்கக் கூடாது. பொது விளம்பரம் கூடாது. பணம் பேங்க் வழியாத்தான் வரணும். 60 நாளுக்குள் பங்கு ஒதுக்கணும். வாட்ஸ்அப் குரூப்ல "பங்கு வாங்க வாங்க"ன்னு ஃபார்வர்டு வந்தா, அங்கேயே நில்லுங்க.

2. கூட்டு. சாதாரண பார்ட்னர்ஷிப்ல கையெழுத்துப் போட்டா, நிறுவனத்தோட கடனுக்கு உங்க சொந்தச் சொத்தும் பொறுப்பு. படத்துக்கு வாங்கின கடன் உங்க வீட்டுத் திண்ணைக்கு வரும். எல்.எல்.பி. என்றால் பொதுவா போட்ட பணத்தோடு போச்சு.

3. கடன். 20,000 ரூபாய் அல்லது அதுக்கு மேல ரொக்கமா கடன் வாங்கக் கூடாது. மீறினா வாங்கினவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். வட்டி உங்க வருமானம், வரி உண்டு. "மாசாமாசம் இவ்வளவு நிச்சயம்"னு ஊர்ப் பணத்தை வாங்கினா, முறைப்படுத்தப்படாத டெபாசிட் தடைச் சட்டம், 2019 குறுக்கே வரும்.

4. நன்கொடை. திரும்பி வராது, அவ்வளவுதான். வாங்குறவங்க கவனத்துக்கு: உறவினர் அல்லாதவங்ககிட்ட இப்படி வாங்கினது வருஷத்துல மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினா, முழுத் தொகையும் வரிக்குரிய வருமானம்.

பிரச்சினை எங்க வருதுன்னா, கொடுக்கிறவர் மனசுல கடன், வாங்குறவர் மனசுல நன்கொடை, பேப்பர்ல எதுவுமே இல்லை. என் ஆபீஸுக்கு வர்ற பாதி சண்டை இதுதான்.

உரிமை யார்கிட்ட இருக்கு?

சட்டப்படி சினிமாவின் முதல் காப்புரிமை பொதுவா தயாரிப்பாளருக்கு. அது வெளியீட்டுக்குப் பிறகு 60 வருஷம் நிற்கும். ஆனா சிறுகதையிலிருந்தோ நாவலிலிருந்தோ எடுக்கிறாங்கன்னா, எழுத்தாளர் கையெழுத்திட்ட உரிமைப் பத்திரம் வேணும். வாய்வார்த்தை செல்லாது. பத்திரத்துல காலம் குறிப்பிடலைன்னா 5 வருஷம்தான். எல்லை குறிப்பிடலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்தான். டெவலப்மென்ட்லயே மூணு வருஷம் ஓடிட்டா மிச்சம் எவ்வளவு நாள்னு நீங்களே கழிச்சுப் பாருங்க.

கடைசியில் என்ன ஆச்சு?

பசங்களை வீட்டுக்கு வரச் சொன்னோம். நான் மூணே கேள்வி கேட்டேன். அஞ்சுல எதுக்கு முதல்ல பணம் வேணும்? அந்தப் பணத்துல எந்த வேலை முடியும்? படம் நின்னுபோனா எங்களுக்கு யார் கணக்குக் காட்டுவீங்க?

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் ஒருத்தன் நேர்மையா சொன்னான்: "அண்ணா, இப்போதைக்கு வயல் படம் மட்டும்தான் ரெடியா இருக்கு. பெரியவங்க பேச்சைப் பதிவு பண்ணணும். அவங்களுக்கும் வயசாகுது."

சித்தப்பா 50,000 ரூபாய் கொடுத்தார், பேங்க் வழியா. வயல் படத்துக்கு மட்டும், நன்கொடைன்னு கடிதம் எழுதி. பதிலுக்கு ஒண்ணு கேட்டார்: முழுப் பதிவோட ஒரு பிரதி வீட்டுல இருக்கணும். மீதி 4.5 லட்சம் எஃப்.டி.யிலேயே இருக்கு.

பஸ் ஏத்திவிட வந்தப்போ சொன்னார்: "அந்த அம்பதாயிரத்தை நான் கணக்குலேயே வைக்கலப்பா. நம்ம வயல் எப்படி இருந்துச்சுன்னு பேரப்புள்ளைங்க பார்க்கும்ல."

கணக்குல வைக்காம இருக்க முடிஞ்ச தொகை. நண்பர்களே, சினிமாவுக்கு நீங்க கொடுக்கிற பணத்துக்கு அதுதான் வரம்பு. அந்தத் தொகை உங்களுக்கு 2 ரூபாயா இருக்கலாம், 2 லட்சமாவும் இருக்கலாம். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அதை ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. யாராவது உங்ககிட்ட இப்படிப் பணம் கேட்டிருந்தா, மேலே இருக்கிற நாலு பேர்ல அது எதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவுல பேசுவோம்.