கடவுச்சொல் தவறு என்கிறதா? ஃபார்மேட் செய்யும் முன் இவற்றைப் பாருங்கள்

எங்கள் தெருவில் ஒருவர் பல ஆண்டுகள் சவூதியில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அவர் வீட்டுப் பழைய கணினியில் ஒருநாள் மின்னஞ்சல் திறக்கவில்லை. மகன் அதைக் கடைக்கு எடுத்துப்போக, அங்கே ஃபார்மேட் செய்து கொடுத்துவிட்டார்கள். அதில் சேமித்திருந்த கடவுச்சொற்கள் எல்லாம் அழிந்துபோயின. 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று அழுத்தினால் ஓடிபி எண் சவூதி சிம்முக்குப் போகிறது. அந்த சிம் ரத்தாகி வெகுகாலம் ஆகிவிட்டது. பிள்ளைகளின் சிறுவயதுப் படங்கள் முழுக்க அந்தக் கணக்கில்தான் இருந்தன. "ஹஜ்ரத், ஏதாவது வழி இருக்கா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பழைய கணினியில் உள்ளே நுழைய முடியவில்லை என்றால், பெரும்பாலும் கோளாறு சிறியதாகவே இருக்கும். பதற்றத்தில் நாம் செய்வதுதான் பெரிய இழப்பாகிவிடுகிறது. ஆகவே கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பாருங்கள்.

முதலில் தேதி. திரையின் வலது கீழ் மூலையில் பழைய வருடம் காட்டுகிறதா? மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலும் அது சிஆர்2032 வகை, விலை குறைவு. தேதி தவறாக இருந்தால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழைக் கணினி ஏற்காது, பக்கமே திறக்காது. தேதியைத் திருத்தினாலே பல நேரம் சரியாகிவிடும்.

அடுத்து கீபோர்டு. கேப்ஸ் லாக் எரிகிறதா, நம் லாக் அணைந்திருக்கிறதா, தமிழ்த் தட்டச்சு இயங்குகிறதா என்று பாருங்கள். நோட்பேடைத் திறந்து கடவுச்சொல்லை அடித்துப் பார்த்தால் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும். பார்த்ததும் அழித்துவிடுங்கள்.

மூன்றாவது, சேமித்த பழைய கடவுச்சொல். மகள் மொபைலில் மாற்றியிருப்பாள். வாப்பாவின் கணினி பழையதையே நிரப்பிக்கொண்டிருக்கும். திரும்பத் திரும்ப அழுத்தினால் கணக்கு தற்காலிகமாகப் பூட்டப்படலாம். பிரவுசர் அமைப்புகளில் 'கடவுச்சொற்கள்' பகுதிக்குப் போய்ப் புதியதை இடுங்கள்.

நான்காவது, சரியான கடவுச்சொல் கொடுத்தும் அதே நுழைவுப் பக்கம் திரும்ப வந்தால், குக்கிகளைச் சந்தேகியுங்கள். கன்ட்ரோல், ஷிப்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்திக் குக்கிகளை மட்டும் நீக்குங்கள். கடவுச்சொற்கள் என்ற கட்டத்தில் டிக் இருந்தால் கட்டாயம் எடுத்துவிடுங்கள்.

ஐந்தாவது, பிரவுசரின் வயது. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்தது. அதில் இயங்கும் கடைசி குரோம் 109. கடைசி பயர்பாக்ஸ் 115. சில தளங்கள் இவற்றில் திறக்காமல் போகலாம். வங்கி வேலைகளை இத்தகைய கணினியில் செய்யாதீர்கள்.

இவை எதிலும் சரியாகாமல் கடைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால், அதற்கு முன் மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள்.

ஒன்று, பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். கோப்பாக இறக்கினால் அது பூட்டில்லாத கோப்பு; எவரும் திறந்து படிக்கலாம். வேலை முடிந்ததும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் நீக்கிவிடுங்கள்.

இரண்டு, மின்னஞ்சல் கணக்கில் மீட்பு எண்ணாக இப்போது கையில் இருக்கும் எண்ணைப் பதியுங்கள். வெளிநாட்டு சிம்மை ரத்து செய்யும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

மூன்று, விண்டோஸ் கடவுச்சொல் மறந்துபோய், கடைக்காரர் அதை வெளியிலிருந்து உடைத்து மாற்றினால், குரோமும் எட்ஜும் சேமித்தவற்றைப் பிறகு படிக்க முடியாமல் போகலாம். அவை அந்தப் பயனர் கணக்கின் சாவியால் பூட்டப்பட்டவை. பழையது நினைவிருக்கும்போதே நீங்களே உள்ளே போய் மாற்றினால் இந்தச் சிக்கல் வராது.

இன்றிரவு பிள்ளைகளுடன் உட்கார்ந்தால் அரை மணி நேர வேலை. எழுதிய நோட்டை வீட்டுப் பத்திரம் இருக்கும் பெட்டியில் வையுங்கள். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் நம்பிக்கையான இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.