காணி உறுதியும் கொழுந்து நிறுவையும்

மலையகத்தில் லயத்தை விட்டு வெளியேறிச் சிறு காணியொன்றை விலைக்கு வாங்க முனையும் தொழிலாளி, நொத்தாரிசுடன் நாள் குறிப்பதிலேயே முதல் இடரை எதிர்கொள்கிறார். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, விற்பவர் உறுதியில் ஒப்பமிடும்போது நொத்தாரிசும் குறைந்தது இரு சாட்சிகளும் ஒரே வேளையில் உடனிருத்தல் வேண்டும். இன்றேல் அவ்வுறுதி சட்டத்தின் முன் செல்லாது. ஒரு சாட்சி காலையிலும் மற்றையவர் மாலையிலும் வந்து கையெழுத்திட இயலாது. சாட்சிகளும் தோட்டத்தவராயின், வார நாளில் பிரட்டுக்குச் செல்லாத அனைவருக்கும் அன்றைய சம்பளம் இல்லை. தோட்ட வழக்கில் சொல்வதாயின், 'பேர்' விழாது.

நொத்தாரிசே தோட்டத்துக்கு வருவதாயினும் சிக்கல் தீர்வதில்லை. டிக்கோயாவில் ஓர் உறுதி நீண்டுவிட்டால், மலைப்பாதையில் மழையோடு மஸ்கெலியாவை அடைவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். எனவே ஒரு நாளில் ஒரு பக்கத்துத் தோட்டங்களை மட்டும் ஏற்று, மாலைக் கொழுந்து நிறுவைக்குப் பின்னரோ ஞாயிறன்றோ நேரம் குறிப்பதே தகும். இரு தரப்பினருக்கு ஒரே நேரம் குறித்துவிட்டால், கடன் தவணை நெருங்கியவருக்கு முதலிடம் அளிக்கலாம். மற்றையவருக்கு முதல் நாள் மாலையே அறிவித்தல் வேண்டும். அப்போதுதான் அவரும் சாட்சிகளும் மறுநாள் பிரட்டுக்குச் செல்ல முடியும்.