விரல் நுனியில் 100 கிராம்

குறிசுடும் துப்பாக்கியின் டிரிகர் எவ்வளவு இலேசாக இருக்கலாம்?

மாணவர்களே, மங்கலான வெளிச்சத்தில் கைப்பேசியில் படம் எடுத்த அனுபவம் உங்களுக்கு இருக்கும். கை ஆடாமல் பிடித்திருப்பீர்கள். மூச்சைக்கூட அடக்கியிருப்பீர்கள். ஆனாலும் பொத்தானைத் தொட்டதும் படம் கலங்கிவிடும். காரணம் என்ன? படம் எடுத்த அதே விரல்தான் கைப்பேசியையும் அசைத்துவிட்டது.

துப்பாக்கி சுடும் விளையாட்டிலும் இதே தொல்லை உண்டு. என் மாணவி ஒருவர் பள்ளியின் குறிசுடும் குழுவில் இருக்கிறார். இப்போது ஏர் ரைஃபிள் சுடுகிறார். பிறகு 50 மீட்டர் போட்டிக்குப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. ஒருநாள் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து கேட்டார்: "டீச்சர், டிரிகரை இன்னும் இலேசாக்கினால் என் புள்ளிகள் கூடுமா?"

"கூடும். ஆனால் ஓர் எல்லை வரைதான்" என்றேன். அந்த எல்லை எங்கே இருக்கிறது, ஏன் இருக்கிறது என்பதை நீங்கள் படித்த இயற்பியலை வைத்தே இன்று பார்ப்போம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். துப்பாக்கியில் விரல் அழுத்தும் பகுதியைத் தமிழில் 'விசை' என்பார்கள். அறிவியல் பாடத்திலும் 'விசை' வருகிறது. இரண்டும் குழம்பாமல் இருக்க, விரல் அழுத்தும் பகுதியை இங்கே 'டிரிகர்' என்றே அழைப்போம். 'விசை' என்றால் நியூட்டனில் அளக்கும் விசை மட்டுமே.

ஒரு தாளின் பருமன்

50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் பயன்படும் தோட்டா 0.22 அங்குல விட்டம் கொண்டது. அதாவது சுமார் 5.6 மில்லிமீட்டர். இதை 'ரிம்ஃபயர்' தோட்டா என்பார்கள். தோட்டாக் கூட்டின் அடிப்பகுதியில் ஒரு விளிம்பு இருக்கும். தீப்பற்றும் மருந்து அந்த விளிம்புக்குள்தான் இருக்கிறது. துப்பாக்கியின் ஊசி விளிம்பை அடித்து நசுக்கும்போது மருந்து பற்றிக்கொள்கிறது.

சுடவேண்டிய இலக்கின் நடுவட்டம், அதாவது பத்துப் புள்ளி வட்டம், 10.4 மில்லிமீட்டர் விட்டம் மட்டுமே. உங்கள் சுண்டுவிரல் நகத்தின் அகலம் அளவுதான் இருக்கும். அது நிற்பதோ 50 மீட்டருக்கு அப்பால்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். தோளில் பதிந்த இடத்திலிருந்து குழலின் முனை வரை ரைஃபிளின் நீளம் சுமார் 1 மீட்டர். தோள் அசையாமல் இருக்க, குழலின் முனை மட்டும் 0.1 மில்லிமீட்டர் விலகியது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணிதப் பாடத்தில் படித்த வடிவொத்த முக்கோணங்கள் நினைவிருக்கிறதா? 1 மீட்டரில் 0.1 மில்லிமீட்டர் என்றால், 50 மீட்டரில் 5 மில்லிமீட்டர். பத்துப் புள்ளி வட்டத்தின் ஆரமே 5.2 மில்லிமீட்டர்தான்.

உங்கள் பயிற்சிப் புத்தகத்தின் ஒரு தாளின் பருமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். குழல் அந்த அளவு நகர்ந்தாலே குறி நடுவிலிருந்து வட்டத்தின் ஓரத்துக்குப் போய்விடும்.

அந்த நகர்வைத் திருத்தவும் நேரம் இல்லை. டிரிகர் விடுபட்டதிலிருந்து தோட்டா குழலைவிட்டு வெளியேறும் வரை நொடியில் நூறில் ஒரு பங்குகூட ஆவதில்லை. நாம் ஒன்றைப் பார்த்து, மூளை கட்டளையிட்டு, தசை அசைவதற்குச் சுமார் 0.2 நொடி வேண்டும். குழல் விலகியதை உணர்வதற்குள் தோட்டா போய்விட்டிருக்கும்.

ஆகவே விரல் அழுத்தும்போது துப்பாக்கி அசையவே கூடாது. டிரிகரை அழுத்த 1.5 கிலோகிராம் எடைக்கு ஈடான விசை, அதாவது சுமார் 15 நியூட்டன் தேவைப்பட்டால் என்ன ஆகும்? விரல் முழுப் பலத்தோடு பின்னால் இழுக்கும். இழுப்பு நேராக இல்லாமல் சற்றே பக்கவாட்டில் சாய்ந்தாலும் குழல் திரும்பும். டிரிகர் விடுபடும் நொடியில் எதிர்ப்பு திடீரென்று மறைந்துவிடும். கயிறு இழுக்கும் போட்டியில் எதிரணி கயிற்றை விட்டால் நம் அணி விழுவது போல, விரலும் சட்டென்று பின்னால் பாயும். அந்தப் பாய்ச்சலும் துப்பாக்கியை அசைக்கும்.

100 கிராம் எடைக்கு ஈடான விசை போதும் என்றால் அது 1 நியூட்டன் மட்டுமே. அசைக்கும் காரணம் 15 மடங்கு குறைகிறது. குறிசுடுபவர்கள் இலேசான டிரிகரை விரும்புவது இதனால்தான்.

கொக்கியும் நெம்புகோலும்

டிரிகர் எப்படி இலேசாகிறது? உள்ளே நடப்பதை எளிமையாகப் பார்ப்போம்.

ஊசியின் பின்னால் ஒரு சுருள்வில் அழுத்தப்பட்டு நிற்கிறது. அது பாய்ந்துவிடாமல் ஒரு சிறிய உலோகக் கொக்கி தடுக்கிறது. டிரிகரை அழுத்தும்போது அந்தக் கொக்கி நழுவுகிறது. வில் விடுபட்டு ஊசியைத் தள்ளுகிறது. அவ்வளவுதான்.

கொக்கியை நழுவவிடாமல் பிடித்திருப்பது உராய்வு. வில் 50 நியூட்டன் விசையுடன் கொக்கியை அழுத்துகிறது என்றும், இரு உலோகப் பரப்புகளுக்கும் இடையிலான உராய்வுக் கெழு 0.2 என்றும் வைத்துக்கொள்வோம். உராய்வு விசை 50 × 0.2 = 10 நியூட்டன். கொக்கியை நகர்த்த இவ்வளவு வேண்டும்.

விரலுக்கு இது அதிகம். இங்கேதான் நெம்புகோல் உதவுகிறது. 1க்கு 5 என்ற விகிதத்தில் ஒரு நெம்புகோல் இருந்தால், விரல் 2 நியூட்டன் கொடுத்தால் போதும். அதனுடன் 1க்கு 4 விகிதத்தில் இன்னொரு நெம்புகோலைச் சேர்த்தால் 0.5 நியூட்டன், அதாவது சுமார் 50 கிராம் எடை போதும்.

அப்படியென்றால் நெம்புகோல்களை அடுக்கிக்கொண்டே போகலாமே என்று தோன்றுகிறதா? அங்கேதான் சிக்கல். நெம்புகோலில் விசை எத்தனை மடங்கு குறைகிறதோ, நகரவேண்டிய தூரம் அத்தனை மடங்கு கூடும். கொக்கி 0.3 மில்லிமீட்டர் நகர்ந்தால் விடுபடும் என்று கொள்வோம். 20 மடங்கு நெம்புகோல் என்றால் விரல் 6 மில்லிமீட்டர் நகர வேண்டும். இவ்வளவு தூரம் விரல் நகர்ந்தால் எந்தக் கணத்தில் சுடப்போகிறது என்றே தெரியாது.

பொறியாளர்கள் இதற்குக் கண்ட வழி இரண்டு கட்ட டிரிகர். முதல் கட்டத்தில் விரல் தாராளமாக நகர்கிறது. கொக்கியின் பெரும்பகுதி விலகுகிறது. பிறகு ஒரு சுவரில் முட்டியது போல விரல் நிற்கிறது. 'இனி ஒரு சிறு அழுத்தம்தான்' என்று விரலுக்குத் தெரிந்துவிடும். இரண்டாம் கட்டத்தில் நகர்வே இல்லாதது போல டிரிகர் விடுபடுகிறது. சில போட்டித் துப்பாக்கிகளில் மின்னணு டிரிகரும் உண்டு. விரல் ஒரு சிறு சுவிட்சைத் தொட, கொக்கியை விடுவிக்கும் வேலையை மின்காந்தம் செய்கிறது.

ஒன்றைப் பெற்றால் ஒன்றை இழக்க வேண்டும்

உராய்வுதான் நமக்குத் தடை என்று இதுவரை பேசினோம். அதே உராய்வுதான் நமக்குக் காவலும்கூட. துப்பாக்கி தானாக வெடிக்காமல் பிடித்திருப்பது அந்தக் கொக்கிதானே?

மீண்டும் கணக்கு. டிரிகரின் பொருண்மை 10 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி அரை மீட்டர் உயரத்திலிருந்து, அதன் பின்பகுதி தரையில் மோதும்படி விழுகிறது. 5 மில்லிமீட்டர் தூரத்துக்குள் முழுவதுமாக நின்றுவிடுகிறது. 500 மில்லிமீட்டர் விழுந்து 5 மில்லிமீட்டரில் நின்றால், வேகத்தடை புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 100 மடங்கு. துப்பாக்கி நின்றாலும் டிரிகர் தன் நிலைமத்தால் தொடர்ந்து நகரப் பார்க்கும். எந்தத் திசையில்? பின்பகுதியை நோக்கி. விரல் இழுக்கும் அதே திசையில்!

அந்தக் கணத்தில் 10 கிராம் டிரிகர் 1,000 கிராம் எடை தொங்குவது போல இழுபடும். 1.5 கிலோகிராம் டிரிகர் இதைத் தாங்கிவிடும். 100 கிராம் டிரிகருக்கு இதில் பத்தில் ஒரு பங்கு அதிர்ச்சியே போதும். நிலைமத்தின் தாக்கத்தைக் குறைக்க, அச்சின் இரு பக்கமும் பொருண்மை சமமாக இருக்கும்படி வடிவமைப்பார்கள். ஆனாலும் ஆபத்து முழுவதும் நீங்குவதில்லை.

போட்டி விதிகளைப் பார்த்தால் இந்த இயற்பியல் தெளிவாகத் தெரியும். படுத்தும் நின்றும் மண்டியிட்டும் ஒரே இடத்தில் சுடும் 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் டிரிகருக்குக் குறைந்தபட்ச எடை என்று எதுவும் இல்லை. குளிர்கால விளையாட்டான பயத்லானிலும் அதே 0.22 ரிம்ஃபயர் தோட்டாதான், அதே 50 மீட்டர்தான். ஆனால் அங்கே விளையாட்டாளர்கள் ரைஃபிளை முதுகில் சுமந்துகொண்டு பனியில் சறுக்கிச் செல்கிறார்கள். இதயம் படபடக்க வந்து நின்று சுடுகிறார்கள். வழியில் விழுவதும் உண்டு. அதனால் அங்கே டிரிகர் குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும் என்பது விதி. தோட்டா ஒன்றே, தூரமும் ஒன்றே. சூழ்நிலை மாறியதால் எல்லையும் மாறியது.

பெய்ஜிங்கில் நழுவிய தங்கம்

இலேசுக்கு இன்னொரு விலையும் உண்டு. அதைக் கொடுப்பது துப்பாக்கி அல்ல, விரல்.

2008 ஆகஸ்ட், பெய்ஜிங் ஒலிம்பிக். ஆண்கள் 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியின் இறுதிச் சுற்று. அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ் கடைசிக் குண்டுக்கு முன் 3.3 புள்ளிகள் முன்னிலையில் இருந்தார். ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9 புள்ளி கிடைக்கும். அவர் தரத்து விளையாட்டாளருக்கு 9க்குக் கீழே போவதே அரிது. தங்கம் கிட்டத்தட்ட அவர் கையில் இருந்தது.

எம்மன்ஸ் ரைஃபிளை இலக்குக்கு மேலிருந்து மெல்லக் கீழே இறக்கிக் குறி பார்ப்பவர். அந்த முறையும் அப்படியே இறக்கிக்கொண்டிருந்தார். குறி இன்னும் நடுவுக்கு வரவில்லை. அதற்குள் விரல் டிரிகரைத் தொட்டுவிட்டது. பலகையில் தெரிந்த எண் 4.4. சீனாவின் சியூ ஜியான் தங்கம் வென்றார். எம்மன்ஸ் நான்காம் இடத்துக்குப் போனார்.

இதில் நமக்கு என்ன பாடம்? பதற்றத்தில் விரல் நடுங்கும், வியர்க்கும், தொடு உணர்வும் மாறும். பயிற்சியின்போது சரியாகத் தோன்றும் ஓர் அழுத்தம், இறுதிச் சுற்றில் விரலுக்குத் தெரியாமலேயே நிகழ்ந்துவிடலாம். விரலால் தெளிவாக உணர முடியாத அளவுக்கு டிரிகர் இலேசாக இருந்தால், சுடும் கணத்தைத் தேர்ந்தெடுப்பது நாம் அல்ல.

எம்மன்ஸ் அத்துடன் விளையாட்டை விட்டுவிடவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அதே போட்டியில் வெண்கலம் வென்றார். நம் ஊரிலும் இந்த விளையாட்டில் சாதித்தவர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரின் ஜாஸ்மின் செர் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 50 மீட்டர் மூன்று நிலைப் பிரிவில் தங்கம் வென்றார். மார்டினா வெலோசோ 2018 கோல்ட் கோஸ்ட் போட்டியில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள், 50 மீட்டர் படுத்த நிலை இரண்டிலும் தங்கம் வென்றார்.

செய்து பாருங்கள்

துப்பாக்கி இல்லாமலேயே இதைச் சோதிக்கலாம். தேவை ஒரு கைப்பேசி மட்டும்.

1. அறையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். சுவரில் நாள்காட்டி ஒன்றை மாட்டி, கேமராவை நன்றாக ஜூம் செய்து அதன் சிறிய எழுத்துகளைப் பாருங்கள்.

2. பொத்தானைப் பலமாகத் தட்டி 5 படங்கள் எடுங்கள்.

3. பொத்தானை மென்மையாகத் தொட்டு 5 படங்கள் எடுங்கள்.

4. 3 நொடி டைமர் வைத்து, கையில் பிடித்தபடியே 5 படங்கள் எடுங்கள்.

எந்தப் படங்களில் எழுத்துகளை எளிதாகப் படிக்க முடிகிறது? அட்டவணையில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, ஓடும் பூனையையோ குதிக்கும் தம்பியையோ டைமர் வைத்துப் படம் எடுக்க முயலுங்கள். டைமர் என்பது எடையே இல்லாத டிரிகர். அது கைப்பேசியை அசைக்காது. ஆனால் படம் எடுக்கும் கணம் உங்கள் கையில் இல்லை.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. டிரிகரைச் சரிசெய்வது பயிற்சி பெற்றவர்களின் வேலை. பள்ளிக் குழுவில் இருப்பவர்கள் தாங்களாகத் திருகாணியைத் தொடக்கூடாது. பயிற்றுநரிடம்தான் சொல்ல வேண்டும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் துப்பாக்கிச் சட்டங்கள் மிகக் கடுமையானவை. சுடும் கூடத்தில் குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் பாதுகாப்புக் கொடி செருகுவதும், குறி பார்க்கும் வரை விரலை டிரிகரிலிருந்து விலக்கி வைப்பதும் வெறும் சடங்குகள் அல்ல. கொக்கி பிடித்திருக்கும் தூரம் எவ்வளவு சிறியது என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

என் மாணவி பயிற்றுநரிடம் பேசினார். பயிற்றுநர் டிரிகரை இலேசாக்கவில்லை. குண்டு இல்லாமல், சுவரைப் பார்த்தபடி, முதல் கட்டத்தின் முடிவில் விரல் நிற்கும் இடத்தை உணரும் பயிற்சியைக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து அவர் என்னிடம் வந்து, "டீச்சர், அந்தச் சுவர் எங்கே இருக்கிறது என்று இப்போது என் விரலுக்குத் தெரிகிறது" என்றார். டிரிகர் அதேதான். விரல்தான் மாறியிருக்கிறது.

அடுத்த முறை ஒரு சுவிட்சையோ, கதவின் கைப்பிடியையோ, விளையாட்டுக் கருவியின் பொத்தானையோ அழுத்தும்போது சற்று நின்று யோசியுங்கள். இது ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது? இன்னும் இலேசாக இருந்தால் என்ன கிடைக்கும்? எதை இழப்போம்? இந்த மூன்று கேள்விகளையும் யாரோ ஒரு பொறியாளர் உங்களுக்கு முன்பே கேட்டிருப்பார்.