சுவரும் மெருகும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பது நம் நாட்டு முதுமொழி. உடலைப் பேணுதற்கு உவமையாக இதனைப் பன்முறை எடுத்தாளும் நாம், இதன் நேர்ப்பொருளைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். வீட்டின் உட்சுவருக்கு வர்ணம் பூசுங்கால் இம்மொழி சொல்லுக்குச் சொல் உண்மையாகின்றது. சுவர் மேடுபள்ளமின்றி, ஒரே நிறமாக, கைக்கும் கண்ணுக்கும் இனிதாய் அமைதல் கடைசியில் பூசும் வர்ணத்தாலன்று. அதற்கு முன் சுவருக்குச் செய்யும் பணியாலும், ஒவ்வொரு பூச்சும் உலரும்வரை நாம் பொறுத்திருக்கும் காலத்தாலுமே ஆகும். இதனை ஈண்டுச் சிறிது விளக்கப் புகுகின்றோம்.

இக்கலை நமக்குப் புதியதன்று. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பை மைபோல் அரைத்து, பல பூச்சுக்களாக இட்டு, இறுதிப் பூச்சில் முட்டையின் வெண்கருவைச் சேர்த்து, அது ஈரப்பதமாய் இருக்கும்போதே வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றும் வழக்கம் தமிழ்நாட்டுக் கொத்தர்களிடம் இருந்துவந்தது. செட்டிநாட்டுப் பழைய மாளிகைகளில் இத்தகைய சுவர்களை இன்றும் காணலாம். 1780 முதல் 1783 வரை இந்தியாவில் பிரயாணம் செய்த வில்லியம் ஹாட்ஜஸ் என்னும் ஆங்கில ஓவியர், 1793-இல் வெளியிட்ட தம் நூலில் சென்னையின் மெருகேறிய வெண்ணிறக் கட்டடங்களைக் குறித்துள்ளார்.

அம்மெருகிற்குக் காரணம் யாதெனின், நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவைக் கவர்ந்து மெல்ல மெல்ல மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகவே மாறுகின்றது. கல்லால் அழுத்தித் தேய்க்குங்கால் மேற்புறத்து நுண்துளைகள் அடைபட்டு, ஒளி சிதறாமல் மீளுகின்றது. ஆகவே அங்கே மெருகு என்பது சுவரின்மேல் ஒட்டிய வேறொரு பொருளன்று. சுவரின் உடலே மெருகாயிற்று.

நிற்க. இக்காலத்து வீடுகளில் சிமெண்டுக் காரையின்மேல் பட்டியும், பிரைமர் என்னும் அடிப்பூச்சும், அதன்மேல் எமல்ஷன் வர்ணமும் பூசப்படுகின்றன. எமல்ஷன் என்பது நீரில் பரவிக் கிடக்கும் நுண்ணிய பிசின் துளிகளும் நிறப்பொடியும் சேர்ந்த கலவை. நீர் ஆவியான பின் அத்துளிகள் நெருங்கி ஒன்றோடொன்று இணைந்து மெல்லிய தோலாகின்றன. இரண்டு பூச்சும் சேர்ந்து உலர்ந்த பின் அத்தோலின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது. இத்துணை மெல்லிய தோல் பள்ளத்தை எங்ஙனம் நிரப்பும்? மேட்டை எங்ஙனம் மறைக்கும்? உள்ளதை உள்ளபடி காட்டுதலே அதன் இயல்பு.

இனி, நம் நாட்டுப் பருவத்தையும் வழக்கத்தையும் நோக்குவோம். பொங்கலுக்கு முன் வீட்டிற்கு வெள்ளையடிப்பது நம் தொன்றுதொட்ட மரபு. ஆனால் அதற்குச் சற்று முன்னரே ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்து சுவர்களை நனைத்துவிடுகின்றது. சுண்ணாம்பு வெள்ளைக்கு இதனால் பெருங்கேடில்லை. அது காற்றும் ஆவியும் ஊடுருவ இடங்கொடுப்பது. இறுகுதற்குச் சிறிது ஈரத்தை வேண்டுவதுமாகும். எமல்ஷன் தோலோ அங்ஙனம் எளிதில் வழிவிடுவதன்று. உள்ளே அகப்பட்ட ஈரம் வெளியேற முயன்று தோலைக் கொப்புளிக்கச் செய்கின்றது. காரையிலுள்ள உப்பைக் கரைத்துக் கொணர்ந்து வெண்பொடியாகப் பூக்கவைக்கின்றது. பொருள் மாறிற்று, வழக்கம் மாறவில்லை. தை மாதத்தில் பளபளத்த சுவர் ஆனியில் பொரிந்து உதிர்தற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பழைய சுண்ணாம்புச் சுவருடைய வீட்டார், அதன்மேல் சிமெண்டுப் பட்டியும் எமல்ஷனும் பூசும் முன் இருமுறை எண்ணுதல் நலம். ஓதம் ஏறும் அத்தகைய சுவருக்குச் சுண்ணாம்பே உற்ற துணை.

ஈரத்தை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. ஓர் அடிச் சதுரமான பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் ஒட்டி ஒருநாள் விட்டுவைக்க வேண்டும். மறுநாள் தாளின் உட்புறத்தில் நீர்த்துளி காணப்படின், சுவர் இன்னும் வர்ணத்திற்கு ஆயத்தமாகவில்லை என அறியலாம். புதிய சிமெண்டுக் காரையாயின் குறைந்தது 28 நாள் கழித்தல் வேண்டும்; மழைக்காலத்தில் இன்னும் மிகுதி.

சுவர் உலர்ந்தபின் பழைய பொருக்குகளைச் சுரண்டி, விரிசல்களை அடைத்து, பட்டியை மெல்லிய இரு பூச்சுக்களாக இடவேண்டும். ஒரே முறையில் கனமாக இட்டால் அது சுருங்கி வெடிக்கும். நன்கு உலர்ந்தபின் முதலில் 180-ஆம் எண், பின்னர் 320-ஆம் எண் உப்புத்தாள் கொண்டு தேய்த்து, தூசியை முற்றும் துடைத்தல் வேண்டும். தூசியின்மேல் பூசிய வர்ணம் தூசியையே பற்றும், சுவரைப் பற்றாது. அடுத்து அடிப்பூச்சு. சுவர் ஓரிடத்தில் மிகுதியாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் நீரை உறிஞ்சுமாயின் நிறம் திட்டுத்திட்டாகத் தோன்றும். அவ்வுறிஞ்சலை ஒரு நிலைக்குக் கொணர்தலே அடிப்பூச்சின் தொழில்.

வர்ணம் பூசுங்கால் கருதத்தக்கவை சில. ஒரே நிற வர்ணமாயினும் டப்பாவுக்கு டப்பா சிறிது வேறுபடக்கூடும். ஆதலின் வேண்டிய அளவை ஒரு பெரிய பாத்திரத்தில் ஒன்றாகக் கலந்துகொள்ளல் வேண்டும். நீரை டப்பாவில் குறித்த அளவே சேர்த்தல் வேண்டும்; குறைந்தால் தூரிகைக் கோடு தங்கும், மிகுந்தால் வழியும். மேற்கூரையை முதலில் முடித்துப் பின் சுவருக்கு வருதல் முறை. ஒரு சுவரைத் தொடங்கினால் நடுவில் நிறுத்தாது முடிக்கவேண்டும். முன் பூசிய ஓரம் ஈரமாய் இருக்கும்போதே அடுத்த பகுதி அதனோடு சேர்ந்தால் இணைப்பு தெரியாது. பாதி உலர்ந்த இடத்தை மீண்டும் ரோலரால் உருட்டினால், உருவாகிவரும் தோல் கிழிந்து என்றும் மாறாத வடுவாகும். மின்விசிறியை வேகமாகச் சுழலவிடுதலும் ஆகாது. வர்ணம் தானே சமன்படுதற்குச் சற்று நேரம் வேண்டும்.

வேலை சரியோ என்பதை எதிரே நின்று நோக்கி அறிதல் அரிது. இரவில் ஒரு விளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் சிறு மேடும் நிழலெறிந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். இச்சோதனையைப் பட்டி தேய்த்தவுடனே செய்க. வர்ணம் பூசியபின் செய்தல் வருந்துதற்கே பயன்படும். பளபளப்பு மிக்க வர்ணம் ஒளியை ஒருமுகமாக மீட்பதால் குறையைப் பெரிதாக்கும். மங்கலான வர்ணம் ஒளியைச் சிதறச்செய்வதால் குறையை ஓரளவு மறைக்கும்.

எச்சரிக்கை ஒன்று கூறாது விடலாகாது. இந்தியாவில் 2016-இல் வகுக்கப்பட்டு 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது. அதற்கு முற்பட்ட பழைய வர்ணங்களில், விசேஷமாகக் கதவு சன்னல்களின் எனாமலில், ஈயம் மிகுந்திருத்தல் கூடும். அதனை உலர்நிலையில் தேய்த்தால் எழும் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு செய்யும். தேய்க்கும் தொழிலாளியின் உடலையும் கெடுக்கும். நீர் தெளித்துத் தேய்த்தலும், மூக்கையும் வாயையும் தக்க கவசத்தால் மூடுதலும், வேலை முடியும்வரை குழந்தைகளை அவ்வறைக்கு வெளியே வைத்தலும் இன்றியமையாதன.

இறுதியாக ஒன்று. சுவர் பொரிந்தால் நாம் முதலில் குறைகூறுவது வர்ணம் பூசியவரையே. ஆனால் கிருகப்பிரவேசத்திற்கு நாள் குறித்துவிட்டு, காரை உலருமுன்னரே, “எப்படியாவது முடித்துவிடுங்கள்” என்று அவரை விரைவுபடுத்தியவர் பெரும்பாலும் வீட்டுக்காரரே. ‘சுவர் இன்னும் காயவில்லை’ என்று சொல்லும் தொழிலாளியின் சொல்லுக்குச் செவிசாய்த்து, அவர் காத்திருக்கும் நாளுக்கும் வேறு வேலையோ கூலியோ ஏற்பாடு செய்வோமாயின், அதுவே நம் சுவருக்கு நாம் இடும் முதற்பூச்சாகும். நாளைப் பார்த்துச் சுவரைப் பூசுதலினும், சுவரைப் பார்த்து நாளைக் குறித்தல் நன்று.